பால்கனிக்குக் காசு கொடுத்து ஜன்னல் இல்லாத அறையில் படுத்தோம்: கப்பல் டூர் போகிறவர்கள் கவனத்துக்கு

கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் உள்ள ஒரு டூர் ஏஜெண்டிடம் கப்பல் பயணத்துக்குப் பணம் கட்டி ஏமாந்தேன். விவகாரம் இன்னும் முடியவில்லை, அதனால் கடைப் பெயரை இங்கே போடவில்லை. ஆனால் அவர் செய்த வேலையை எந்த ஊர் ஏஜெண்டும் செய்யலாம். அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு 60 முடிந்தது. மணிவிழாவைச் சின்னதாக முடித்துக்கொண்டு, மிச்சக் காசில் அவரையும் அம்மாவையும் கப்பலில் கூட்டிப் போகலாம் என்பது என் மனைவியின் யோசனை. அப்பா காவேரிப்பட்டணத்தில் புளி வியாபாரம் செய்தவர். தண்ணீர் மேல் அவர் போனது என்றால் ஒகேனக்கல் பரிசலில்தான். சென்னைத் துறைமுகத்தில் ஏறி, இரண்டு இரவு கடலில் சுற்றிவிட்டுச் சென்னையிலேயே இறங்கும் பயணம். பாஸ்போர்ட் வேண்டாம், ஆதார் போதும்.

நான்கு பேர், இரண்டு பால்கனி அறை, தலைக்கு 38,000 ரூபாய். மொத்தம் 1,52,000. "சாப்பாடு, துறைமுகக் கட்டணம், ஜிஎஸ்டி, டிப்ஸ் எல்லாம் இதுலயே அடங்கிடும் சார். கப்பல்ல நீங்க பர்ஸையே எடுக்க வேண்டாம்" என்றார். மணிவிழாவுக்காகக் கப்பலின் தனி ரெஸ்டாரண்டில் ஒரு டின்னர், கேக் உட்பட, அவர் செலவில் என்றும் சொன்னார். பணத்தை அவருடைய சொந்த ஜிபே நம்பருக்கு அனுப்பினேன். படித்தவன் செய்கிற வேலையா இது என்று கேட்காதீர்கள், வீட்டில் கேட்டு முடித்துவிட்டார்கள்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு அவருடைய லெட்டர்பேடில் ஒரு தாள் வந்தது. அறை என்ற இடத்தில் 'இன்சைட் கேரண்டி' என்று இருந்தது. பால்கனி என்று எங்குமே இல்லை. போன் செய்தேன். சிரித்துக்கொண்டே சொன்னார்: "இன்சைட்னா கப்பலுக்கு உள்ள சார். ரூம் கேரண்டினு போட்டிருக்கு பாருங்க. கவலையே படாதீங்க."

நானும் கவலைப்படவில்லை. பிறகுதான் புரிந்தது, கப்பல்காரர்கள் பாஷையில் இன்சைட் என்றால் கப்பலின் நடுவில், வெளிச்சுவரைத் தொடாத, ஜன்னலே இல்லாத அறை. இருப்பதிலேயே விலை குறைந்தது. கேரண்டி என்றால் அறை எண்ணை நாம் தேர்ந்தெடுக்க முடியாது, அந்த வகையில் எது மிச்சமிருக்கிறதோ அதைக் கப்பல் கம்பெனி கடைசியில் ஒதுக்கும் என்று அர்த்தம். நாம் கேரண்டி என்ற சொல்லைக் கேட்டதும் மிக்சிக்குக் கொடுக்கிற கேரண்டி மாதிரி நினைத்துக்கொள்கிறோம். அந்த நினைப்பில்தான் அவர் கடை நடக்கிறது.

கிருஷ்ணகிரியில் ரயில் கிடையாதே, விடியற்காலை வேன் வைத்துக்கொண்டு கிளம்பினோம். "கட்டுச்சோறு தாராளமா எடுத்துட்டுப் போங்க" என்று ஏஜெண்ட் சொல்லியிருந்ததால் அம்மா புளிசாதமும் கடலை உருண்டையும் கட்டியிருந்தார். துறைமுகச் சோதனையில் வீட்டுச் சாப்பாட்டை ஏற்ற முடியாது என்றார்கள். எங்கள் மண்டிப் புளியில் கிளறிய சாதம். அம்மா தூக்கைப் பார்த்த பார்வையை எழுத வேண்டாம், வேன் டிரைவரைத் திரும்ப வரவழைத்துக் கொடுத்து அனுப்பினோம்.

உள்ளே போனதும் அறைச்சாவியாகவும் பர்ஸாகவும் இருக்கிற ஒரு கார்டு தந்தார்கள். அதைத் தேய்த்துத் தேய்த்து வாங்கினால் கடைசி நாள் மொத்தமாக பில் வரும். அறைக்கதவைத் திறந்தால் இரண்டு கட்டில், ஒரு கண்ணாடி, நான்கு சுவர். அப்பா திரைச்சீலையைத் தேடினார். "ஜன்னல் எங்கடா?"

வரவேற்பு மேசைக்குப் போய்ச் சண்டை போட்டேன். அங்கிருந்த பெண் பொறுமையாகக் கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினார். முதல் நாளிலிருந்தே இன்சைட் என்றுதான் பதிவு. அதுவும் கப்பல் கிளம்ப ஒன்பது நாள் இருக்கும்போது போட்டது. நான் பணம் கட்டி அப்போது இரண்டு மாதம் ஆகியிருந்தது! கூடுதல் பணம் கட்டிப் பால்கனிக்கு மாறலாமா என்றால், எல்லாம் நிறைந்துவிட்டது. டிப்ஸ் என்கிற சேவைக் கட்டணமும் கட்டவில்லை. தனி ரெஸ்டாரண்டில் எங்கள் பெயரில் எதுவும் இல்லை.

அப்பா கோபப்படவில்லை. "மேல கொட்டை எடுத்த புளி, அடியில கொட்டைப் புளி. மூட்டையை அவிழ்த்துக் கொட்டிப் பார்க்காம காசு குடுத்திருக்க" என்றார். அவ்வளவுதான்.

கப்பல் கிளம்புமுன் எல்லோரையும் அவரவர் கூடும் இடத்துக்கு வரவழைத்துப் பாதுகாப்புப் பயிற்சி கொடுத்தார்கள். ஏழு சின்ன ஊதல், ஒரு நீண்ட ஊதல் கேட்டால் அங்கே ஓடிவர வேண்டும். இதைத் தவிர்க்காதீர்கள், வழி தெரிந்துகொள்ள நல்ல வாய்ப்பு. ஏனென்றால் முதல் நாள் முழுக்க நாங்கள் தொலைந்துகொண்டே இருந்தோம். லிப்டில் இறங்கினால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நடைபாதை, ஒரே மாதிரி கதவு. அம்மா இரண்டு முறை வேறு யாருடைய கதவிலோ கார்டைத் தேய்த்தார்.

மேல் தளங்கள் அழகு, அதை மறைக்கக் கூடாது. நீச்சல் குளம் நம் ஊர்க் கிணற்றைவிடக் கொஞ்சம் பெரிசு, ஆனால் அதைச் சுற்றி நின்றால் நாலா பக்கமும் கடல். திறந்த தளத்தில் நடந்தபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஜன்னல் வைத்த சில அறைகளுக்கு நேர் முன்னால் உயிர்காப்புப் படகு தொங்குகிறது. கடல் தெரியும் அறை என்று வாங்கியவர்களுக்குப் படகின் முதுகுதான் தெரியும். இதையும் கேட்டு வாங்குங்கள்.

சாப்பாட்டில் பஃபே எங்கள் காசில் அடங்கியது. சைவத்துக்குத் தனி வரிசை இருந்ததால் அம்மா தப்பித்தார். பெரிய டைனிங் ஹாலுக்கு இரண்டு பந்தி. எங்களுக்கு ஒன்பது மணிப் பந்தி. ஏழரைக்குச் சாப்பிட்டுப் படுக்கிற அப்பாவை ஒன்பது மணிவரை உட்கார வைக்க முடியாது. ஆக இரண்டு இரவும் பஃபேயிலேயே. தனி ரெஸ்டாரண்டுக்குப் பணம் கட்டிப் போகலாம் என்றேன். "வேணாம்டா, இங்கேயே பருப்பு நல்லா இருக்கு" என்றார். அறையில் வைத்திருந்த தண்ணீர் பாட்டில்கள் இலவசம் என்று நினைத்துத் திறந்தோம். அதற்கும் பில். ஜூசுக்கும் பில். கரை தாண்டியதும் போனை ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டோம், இல்லாவிட்டால் கப்பல் நெட்வொர்க்கில் மாட்டி அதற்கும் ஒரு பில் வந்திருக்கும்.

இரண்டாம் நாள் விடியற்காலை அப்பாவைக் காணோம். ஜன்னல் இல்லாத அறையில் விளக்கை அணைத்தால் நள்ளிரவா விடியலா என்றே தெரியாது. எழுந்தவர் தடவித் தடவி வெளியே போயிருக்கிறார். போனும் வேலை செய்யவில்லை. தளம் தளமாக ஓடினேன். கடைசியில் மேலே, தரை கழுவிக்கொண்டிருந்த பையனுக்குப் பக்கத்தில், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். சூரியன் அப்போதுதான் தண்ணீரிலிருந்து வந்துகொண்டிருந்தது. "இதுக்குத்தான பால்கனி கேட்டோம், இங்க சும்மாவே தெரியுது" என்றார். கீழ்த்தளத்தின் நடுப்பகுதியில் ஆட்டம் குறைவு என்பதால் அம்மாவுக்கு வாந்தியும் வரவில்லை. இதெல்லாம் ஏஜெண்டின் புண்ணியம் இல்லை.

திரும்பி வந்து கேட்டால், "கப்பல்ல மாத்திட்டாங்க சார், நான் என்ன பண்ண?" என்றார். திரையில் பார்த்ததைச் சொன்னதும் 25,000 ரூபாயை அனுப்பிவிட்டு, மீதியை அடுத்த டூரில் அட்ஜஸ்ட் செய்வதாகச் சொல்கிறார். அடுத்த டூராம்.

ஏற்கனவே பணம் கட்டியிருந்தால், ஏஜெண்டின் தாளை நம்பாமல் கப்பல் கம்பெனியின் புக்கிங் நம்பரை வாங்கி, நீங்களே கம்பெனிக்குப் போன் செய்து கேளுங்கள்: அறை எந்த வகை, எந்தத் தளம், டிப்ஸ் கட்டியாகிவிட்டதா, எந்தப் பந்தி. நம்பர் தர இழுத்தடித்தால் விஷயம் அங்கேயே புரிந்துவிடும். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பேசினேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், வக்கீல் கட்டாயமில்லை, கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. 2 வருஷத்துக்குள் போட வேண்டும். நோட்டீஸ் அனுப்பிவிட்டேன், ஜிபே ரசீது, வாட்ஸப் பேச்சு எல்லாம் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன்.

போன வாரம் அந்த வழியாகப் போனபோது கடை வாசலில் அந்தமானுக்குப் புது போர்டு பார்த்தேன். அதிலும் கேரண்டி என்று இருக்கிறது. அதற்குப் பணம் கட்டியவர்கள் யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே புகார் கொடுக்கலாம்.