பேரிகேட் ஓரமா, மிக்ஸர் பக்கமா?

கனடா ராக் பாடகர் பிரையன் ஆடம்ஸை பெங்களூரில் இரண்டு முறை நேரில் கேட்டுவிட்டேன். 2018 அக்டோபரில் மேடைக்கு நேர் எதிரே, பேரிகேட் கம்பியைப் பிடித்தபடி. 2024 டிசம்பரில் மைதானத்தின் நடுவே, ஒலியைக் கலந்து சரிசெய்யும் சவுண்ட் மிக்ஸர் வைத்திருந்த கூடாரத்தை ஒட்டி. எங்கே நிற்பது நல்லது என்று வேலூர், காட்பாடிப் பக்கத்து நண்பர்கள் கேட்கிறார்கள். பாடுபவர் வயதில் மூத்தவர் என்றால் மிக்ஸர் பக்கம்தான் என்பேன்.

முன்னால் நிற்பதன் சுகம் எல்லோருக்கும் தெரிந்ததே. 1980-களின் தொடக்கத்திலிருந்து ஆடம்ஸோடு வாசிக்கும் கீத் ஸ்காட்டின் விரல்கள் கிட்டார் கழுத்தில் ஏறி இறங்குவதைப் பத்தடியில் பார்த்தேன். ஆடம்ஸ் உச்சத்துக்குப் போகும்போது தொண்டை நரம்பு புடைப்பதையும் பார்த்தேன். கொடுத்த காசுக்கு வருத்தமே இல்லை. ஆனால் அந்த இடத்துக்காகக் கதவு திறந்ததும் உள்ளே ஓடி, தண்ணீருக்கும் கழிப்பறைக்கும் நகராமல் ஐந்து மணி நேரம் நின்றேன். அன்று இருபத்தெட்டு வயது, தாங்கியது.

தாங்காதது வேறொன்று. குரல் கேட்கவில்லை.

குடியாத்தத்தில் வளர்ந்தவனுக்கு இது முன்பே புரிந்திருக்க வேண்டும். வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவை ஒட்டி ஊரெங்கும் மெல்லிசைக் கச்சேரி நடக்கும். பிள்ளைகள் நாங்கள் மேடைக்குக் கீழே உட்காருவோம். தாத்தா மட்டும் மைக்செட்காரர் பக்கத்தில் துண்டு விரித்துக்கொள்வார். "அவன் காதுக்கு எது நல்லா இருக்குதோ அதைத்தான் ஊருக்கு வுடுவான், அவன் பக்கத்துல குந்து" என்பார். ராக் கச்சேரியிலும் கணக்கு அதேதான், அளவுதான் பெரிது.

பாடகரின் குரல் மேடையிலிருந்து நேராக நம்மிடம் வருவதில்லை. மைக்கில் நுழைந்து, மிக்ஸரில் சரிசெய்யப்பட்டு, மேடையின் இரு பக்கமும் உயரத்தில் தொங்கும் பாக்ஸ் வரிசை வழியாக வருகிறது. அந்த வரிசை மைதானத்தைப் பார்த்துத் தொங்குகிறது. பேரிகேட் ஓரத்தில் நிற்பவன் அதன் வீச்சுக்குக் கீழே இருக்கிறான். அவனுக்கென்று மேடை விளிம்பில் சில சின்ன பாக்ஸ்கள் வைப்பார்கள். ஆனால் டிரம்மின் அடி மேடையிலிருந்தே நேராக முகத்தில் அறைகிறது. தரையில் அடுக்கிய சப்-வூஃபர்களின், அதாவது அடித்தொனிக்கான பாக்ஸ்களின், அதிர்வு நெஞ்சுக்கூட்டைப் பிடிக்கிறது. சுற்றியிருப்பவர்களின் பாட்டு வேறு. இவற்றுக்கெல்லாம் அடியில் குரல் போய்விடுகிறது.

இருபது வயதுப் பாடகர் என்றால் இது பெரிய இழப்பு இல்லை. அங்கே பார்ப்பதற்கு ஓட்டமும் குதியலும் இருக்கும். ஆடம்ஸுக்கு 2024 நவம்பரில் 65 முடிந்திருந்தது. அவர் பெயரை உலகெங்கும் கொண்டுபோன 'ரெக்லெஸ்' ஆல்பம் 1984-இல் வந்தது, அன்றைக்கே நாற்பது வருடம். இப்போது அவரைத் தேடிப் போவது அந்தக் கரகரப்புக்காக. வயதில் அது எங்கே தடித்திருக்கிறது, எந்த இடத்தில் மூச்சை முன்கூட்டி எடுத்துக்கொள்கிறார், எந்த வரியைக் கூட்டத்திடம் விட்டுவிடுகிறார் என்று கேட்பதில்தான் அந்த இரவின் அருமை. மிக்ஸர் பக்கம் நின்றபோது அது எனக்கு முழுசாகக் கிடைத்தது. பேண்ட் ஓய்ந்து, அக்கௌஸ்டிக் கிட்டாரோடு தனியாக அவர் பாடியபோது, ஒரு சொல்லின் முடிவில் காற்று கரைவது வரை கேட்டது. 2018-இல் அதே மனிதரிடம் இதை நான் கேட்கவே இல்லை.

குறையும் உண்டு. முகம் பார்க்கத் திரையைத்தான் நம்ப வேண்டும். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர்தான் போகும் என்பதால், மேடையிலிருந்து 35 மீட்டர் தள்ளி நின்றால் பத்தில் ஒரு நொடி பிந்திக் கேட்கிறது. ஏரியின் அக்கரையில் துணி துவைப்பவர் கை இறங்கிய பிறகு சத்தம் வருவது போல, டிரம் குச்சி முதலில் தெரியும், அடி பிறகு வரும். இரண்டாம் பாட்டுக்குள் கண் பழகிவிட்டது.

என் அக்கா மகன் 2024-இல் முன்னால்தான் நின்றான். "ஆளைப் பாக்காம இன்னா மாமா கச்சேரி?" என்று கேட்டுவிட்டுப் போனவன். அவன் வயதுக்கு அது நியாயம், தடுக்கவில்லை. காதுக்குப் பஞ்சு கொடுக்காமல் நுரை அடைப்பான் வாங்கிக் கொடுத்தேன். 100 டெசிபல் சத்தத்தில் பாதுகாப்பான நேரம் பதினைந்து நிமிடம் என்கிறார்கள், கச்சேரியோ இரண்டு மணி நேரம்.

மெட்டல் என்னும் கனத்த ராக் கச்சேரிக்கும் இதே யோசனையைச் சொல்வேனா என்று கேட்டால், தயங்குவேன். அங்கே உடம்பில் விழும் அடியே பாதி இசை, முன்வரிசைதான் சரியாக இருக்கலாம். நாற்காலி போட்ட பகுதியில் நான் உட்கார்ந்ததில்லை.

போக்குவரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. காலையில் காட்பாடியில் பிருந்தாவன் ரயில் ஏறினால் மதியம் பெங்களூர். திரும்புவதில்தான் மிக்ஸர் பக்கத்துக்கு இன்னொரு லாபம். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பதால் எல்லோரும் ஒரே நேரத்தில் வாசலுக்கு வருகிறார்கள், நடுவில் நிற்பவன் முந்திவிடுகிறான். நான் வாசலில் அரை மணி நேரம் காத்திருந்த பிறகுதான் பையன் வந்தான்.

மிக்ஸர் கூடாரத்துக்குப் பின்னால் நிற்காதீர்கள், மேடை மறையும். அதன் முன்பக்கம், இரண்டு பாக்ஸ் வரிசைக்கும் நடுக்கோட்டில் நில்லுங்கள்.

பேருந்து கிருஷ்ணகிரி தாண்டியதும் பையன் தன் செல்போனில் எடுத்ததைப் போட்டுக் காட்டினான். படம் கண்ணாடி மாதிரி தெளிவு. டிரம்மும் அவன் கத்தலும் கேட்டன. "இதுல அவர் பாடினது இன்னா வரி மாமா?" என்றான். வாணியம்பாடி வரும்வரை நான் அவனுக்குப் பாடிக் காட்டிக்கொண்டு வந்தேன்.