ஆலைக்குள் மட்டும் திறக்கும் இன்ட்ராநெட்: என்ட்ரா ஐடி பயன்படுத்திப் பார்த்ததில்

கோயம்புத்தூரில் பம்ப் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் கணினிப் பிரிவைக் கவனித்துக்கொள்கிறேன். எங்கள் இன்ட்ராநெட், அதாவது ஊழியர்களுக்கான உள் தளம், மைக்ரோசாஃப்ட்டின் கோப்புப் பகிர்வுச் சேவையான ஷேர்பாயிண்ட்டில் இருக்கிறது. டிசைன் வரைபடங்களை ஆலைக்கு வெளியே யாரும் திறக்கக் கூடாது என்பது எம்.டி.யின் உத்தரவு. அதற்காக, ஊழியர்களின் உள்நுழைவைக் கவனிக்கும் மைக்ரோசாஃப்ட் என்ட்ரா ஐடியில் உள்ள கண்டிஷனல் ஆக்சஸ் வசதிக்குப் போனோம்; யார், எங்கிருந்து நுழையலாம் என்று விதி போடும் வசதி அது. 2023 வரை அஸூர் ஆக்டிவ் டைரக்டரி என்ற பெயரில் இருந்ததுதான் என்ட்ரா ஐடி.

இரண்டு வகையாக இடத்தைக் குறிக்கலாம்: ஐ.பி. முகவரிகளை (இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்களை) கொடுக்கலாம், அல்லது நாடுகளைத் தேர்ந்தெடுக்கலாம். ஊர், மாவட்டம் என்ற பேச்சே இல்லை. "அப்படியென்றால் பீளமேட்டில் இருக்கிறானா பெங்களூரில் இருக்கிறானா என்று தெரியாதா?" என்று எம்.டி. கேட்டார். தெரியாது சார். இணைப்பு எங்கிருந்து வெளியே வருகிறது என்பதுதான் தெரியும். ஆள் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பது தெரியாது. ஆலையின் வி.பி.என்.னில் (வெளியில் இருந்து ஆலை நெட்வொர்க் வழியாகப் போகும் பாதையில்) எல்லா இணையப் போக்குவரத்தையும் அனுப்பிவிட்டு ஊட்டியில் இருந்து திறந்தாலும் அது ஆலையாகவே கணக்காகும்.

ஜி.பி.எஸ். இருக்கிறதே என்பார்கள். அதற்கு ஒவ்வொருவரும் தம் கைப்பேசியில் உள்நுழைவை உறுதிசெய்யும் ஆத்தென்டிகேட்டர் செயலியை வைத்து, மணிக்கு ஒரு முறை இருப்பிடம் போய்ச் சேர அனுமதி தர வேண்டும். சொந்தப் போனில் இதைக் கேட்டால் யார்தான் முகம் சுளிக்கமாட்டார்கள்? இவ்வளவு கொடுத்தும் அது சரிபார்ப்பது நாட்டை மட்டுமே. எங்களுக்கு அது வேண்டவே வேண்டாம்.

நிலையான, அதாவது மாறாத ஐ.பி. உள்ள இடத்தில் மட்டும் இது அருமையாக வேலை செய்கிறது. டிசைன் பிரிவினருக்கு ஆலையின் முகவரி மட்டும்; ஊர் ஊராகச் சுற்றும் விற்பனைப் பிரிவினருக்கு இந்தியா முழுவதும். மடிக்கணினியை மூடி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனால் என்ன ஆகும்? சாதாரணமாக ஒரு முறை கிடைத்த அனுமதி ஒரு மணி நேரம் அளவுக்குச் செல்லும். ஆனால் தொடர் சரிபார்ப்பை (நுழைந்த பிறகும் விதியைச் சோதித்துக்கொண்டே இருப்பதை) ஏற்கும் செயலிகளில், முகவரி மாறிய உடனேயே ஷேர்பாயிண்ட் கதவைச் சாத்துகிறது. ஐ.பி. வைத்துக் குறித்த இடங்களுக்கு மட்டும்தான் இந்த வேகம். நாடு வைத்துக் குறித்தவற்றுக்கு இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது, விதியை அமல்படுத்தாமல் வேடிக்கை மட்டும் பார்க்கும் 'ரிப்போர்ட் ஒன்லி' நிலை. யார் யார் மாட்டியிருப்பார்கள் என்பதை உள்நுழைவுப் பதிவுகளில் பார்க்கலாம். கிளை அலுவலகத்தின் பிராட்பேண்ட் முகவரி அடிக்கடி மாறுவது அதில்தான் தெரிய வந்தது. புதிய வகை ஐ.பி. முகவரிகளான ஐ.பி.வி6 முகவரிகளையும் பட்டியலில் சேருங்கள். இல்லாவிட்டால் ஆலைக்குள் இருப்பவரையே அது வெளியாளாக நினைக்கும்.

குறைகளும் உண்டு. பாஸ்வேர்டு சரியாக விழுந்த பிறகே இந்தச் சோதனை நடக்கிறது. ஆகவே பாஸ்வேர்டைக் குருட்டாம்போக்கில் போட்டுப் பார்ப்பவர்களை இது தடுக்காது. விதி ஷேர்பாயிண்ட் முழுவதற்கும் பொருந்துகிறது. வரைபடத் தளத்துக்கு மட்டும் போட வேண்டுமென்றால் கூடுதல் லைசென்ஸ் கேட்கிறது. ஷேர்பாயிண்ட் நிர்வாகப் பக்கத்திலேயே எளிய ஐ.பி. கட்டுப்பாடு ஒன்று இருக்கிறது. அது டீலர், ஆடிட்டர் எல்லோரையும் சேர்த்துத் தடுக்கும். அட்மின் தன் முகவரியைச் சேர்க்க மறந்தால் அவரும் வெளியேதான். அதைத் தொடாதீர்கள்.

செலவைப் பொறுத்தவரை, கண்டிஷனல் ஆக்சஸுக்கு என்ட்ரா ஐடியின் பி1 லைசென்ஸ் வேண்டும். மைக்ரோசாஃப்ட் 365 பிசினஸ் பிரீமியம் திட்டத்தில் அது அடக்கம். பிசினஸ் ஸ்டாண்டர்டில் இல்லை. ஸ்டாண்டர்டில் இருப்பவர்கள் லைசென்ஸ் விலையைக் கேட்கும் முன் ஒவ்வொரு கிளைக்கும் நிலையான ஐ.பி. கிடைக்குமா, மாத வாடகை எவ்வளவு என்று இணைய நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். கிடைக்காத கிளைக்கு இந்தியா என்ற ஒரே விதிதான் மிஞ்சும். வரைபடத்துக்கு அது போதாது.