படி எத்தனை என்று கேட்டுக்கொண்டே ஒரு சித்திரைப் பயணம்

சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்று பள்ளிக்கூடத்தில் 33 வருடம் சொல்லிக்கொடுத்தவள் நான். சொல்லும்போதே கரும்பலகைக்குப் பின்னால் சுவர் கொதித்துக்கொண்டிருக்கும். மதுரையில் இளவேனில் என்றால் முருங்கை காய்த்துத் தொங்கும், வேம்பு பூக்கும், மல்லிகை மலிவாகும், மனிதர்கள் வாடிப்போவார்கள். அவ்வளவுதான். ஆனாலும் சிங்கப்பூரில் மகள் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, வருடம் முழுக்க ஒரே மாதிரி வெயிலையும் மழையையும் பார்க்கும்போது, பங்குனி முடிந்ததும் கால் பரபரக்க ஆரம்பித்துவிடும்.

2025-இல் தமிழ்ப் புத்தாண்டுக்கு இரண்டு நாள் முன்னால் போய் மே 19 வரை இருந்துவிட்டு வந்தேன். கூட ஒன்பது வயதுப் பேத்தி. எனக்கு 73. முழங்கால் இரண்டும் பேசும், அதிலும் இடது கால் சத்தமாகப் பேசும். அதனால் இந்த முறை எங்கே கிளம்பினாலும் நான் கேட்டது மூன்றே கேள்விதான்: படி எத்தனை? உட்கார இடம் இருக்கா? பாத்ரூம் இருக்கா? இந்த வயதில் ஊருக்குப் போகிற மற்றவர்களுக்கும் இதுதான் தெரியவேண்டும் என்பதால் எழுதுகிறேன். மதுரையில் எது விற்கிறது, எது ருசி என்று எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

சிங்கப்பூரிலிருந்து மதுரைக்கு நேர் விமானம் இருக்கிறது, நாலு மணி நேரச் சொச்சம். சக்கர நாற்காலி வேண்டும் என்று டிக்கெட் எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள், இறங்கிய பிறகு கேட்டால் காத்திருக்க வேண்டும். என்னைத் தள்ளிக்கொண்டு வந்த பையன் திருமங்கலத்துக்காரன். குடியேற்ற வரிசை, பெட்டி எல்லாம் முடித்து வாசல்வரை விட்டான். அவன் கையில் ஏதாவது கொடுக்கலாம் என்றால் என்னிடம் இருந்தது சிங்கப்பூர் ஐந்து டாலர் நோட்டு ஒன்று. ஊர்ப் பணமாக ஒரு நூறு ரூபாயைக் கைப்பையில் தனியாக வைத்துக்கொள்ளாதது என் தவறு.

வீடு புதூரில், தம்பி வீடு. அடுத்த நாள் காலையே ஒரு சிக்கல் தெரிந்தது. ஊரில் எங்கே பார்த்தாலும் க்யூஆர் அட்டை. முழம் போட்டுப் பூ விற்கிற அம்மா கூடக் கூடை விளிம்பில் ஒன்றை ஒட்டிவைத்திருக்கிறார். ஐநூறு ரூபாய் நோட்டை நீட்டினால் பூவையே திருப்பி வாங்கிக்கொள்கிற முகம். என் பணமோ ஒரு வங்கிக் கிளையில் பத்திரமாக இருக்கிறது, ஓடிபி போகிற பழைய எண்ணோ ரீசார்ஜ் செய்யாமல் செத்துப்போய்விட்டது. எண்ணை மாற்றக் கிளைக்குப் போனேன். வாசலில் ஏழு படி, கைப்பிடி இல்லை. முதல் நாள் சர்வர் இல்லை. இரண்டாம் நாள் அந்த மேசைக்காரர் லீவு. மூன்றாம் நாள் படிவத்தில் போட்ட கையெழுத்து 2010-இல் போட்டதைப் போல இல்லையாம். 2010-இல் என் கை நடுங்கவில்லை தம்பி என்றேன். சிரித்தார், ஆனால் படிவத்தை வாங்கவில்லை. நாலாம் முறை மேலாளரிடம் போய் வாங்கவைத்தோம். மூன்று வேலை நாளில் ஆகிவிடும் என்றார். அது எப்போது ஆயிற்று என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் செய்திருக்க வேண்டியது இது: சிங்கப்பூரிலேயே ஊர் எண்ணை ரோமிங்கில் உயிரோடு வைத்திருக்க வேண்டும். சிங்கப்பூர்க்காரர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. 2023 பிப்ரவரியிலிருந்து போனிலேயே பணம் அனுப்புகிற அங்குள்ள பேநவ்வையும் இங்குள்ள யுபிஐயையும் இணைத்திருக்கிறார்கள். கடைசியில் மகள் அங்கிருந்து அப்படித்தான் தம்பி கணக்குக்குப் பணம் அனுப்பினாள். நான் தம்பியிடம் கைச்செலவுக்கு வாங்கிக்கொண்டேன். 73 வயதில் தம்பியிடம் காசு கேட்டு நிற்பது ஒரு மாதிரி சுகமாகத்தான் இருந்தது.

வங்கி கெடுத்த பெயரைத் தபால்காரர் மீட்டுக்கொடுத்தார். ஓய்வூதியத்துக்கு வருடா வருடம் நேர்காணல் உண்டல்லவா, நான் உயிரோடு இருக்கிறேன் என்று காட்டுவதற்கு. முன்பெல்லாம் கருவூலத்தில் வரிசை. இப்போது 70 ரூபாய் கொடுத்தால் தபால்காரர் வீட்டுக்கே வந்து டிஜிட்டல் உயிர்வாழ் சான்று எடுத்துக்கொள்கிறார். ஆதாரும் ஓய்வூதிய எண்ணும் கையில் இருந்தால் போதும். மே முதல் வாரம் மதியம் பன்னிரண்டு மணிக்கு வந்தார். சைக்கிளை வேப்பமர நிழலில் சாய்த்துவிட்டு, பையிலிருந்து சோப்பு டப்பா அளவில் ஒரு கருவியை எடுத்துப் போனில் செருகினார். ஆள்காட்டி விரலை வைத்தேன், சிவப்பு. கட்டைவிரல், சிவப்பு. "டீச்சரம்மா, சாக்பீஸ் பிடிச்ச விரல்ல ரேகை எங்க இருக்கும்? சேலையில நல்லாத் தேய்ங்க." தேய்த்தேன். சிவப்பு. தம்பி மனைவி வெந்நீர் கொண்டுவந்தாள். பேத்தி பக்கத்தில் குந்திக்கொண்டு, "அம்மாச்சி, உயிரோடதானே இருக்கீங்க?" என்று கேட்டாள். இடது கை மோதிர விரல்தான் பச்சை காட்டியது. சரி, அந்த விரலாவது சாட்சி சொன்னதே. தபால்காரர் மோர் குடித்துவிட்டு, அடுத்த தெருவில் படுக்கையில் இருக்கிற ஒரு பெரியவருக்கு எடுக்கக் கிளம்பினார்.

டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து கட்டணம் இல்லை. பிங்க் நிறம் பூசிய பஸ் வந்தால் ஏறிக்கொள்ளலாம். கட்டணம் இல்லாததால் கௌரவம் குறையும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் ஏறிய ஐந்தாறு முறையும் கண்டக்டர்கள் "பெரியம்மாவுக்கு எடம் விடுங்க" என்று குரல் கொடுத்தே உட்காரவைத்தார்கள். முதல் படிதான் பிரச்சினை. சிங்கப்பூரில் பேருந்து ஒரு பக்கமாகச் சரிந்து எனக்காகத் தாழ்ந்து நிற்கும். இங்கே நான்தான் மலை ஏற வேண்டும். தாழ்தளப் பேருந்துகளும் வந்திருக்கின்றன, எனக்கு வாய்த்தது ஒரே ஒரு முறை. ஆப்பில் கூப்பிடுகிற கார்கள் வேண்டாம். ஏறுமுன்பே போன் செய்து, எங்கே போகணும், கேஷா என்று கேட்டுவிட்டு ரத்து செய்துவிடுகிறார்கள். தெருமுனை ஆட்டோக்காரர் எண்ணை வாங்கி வைத்துக்கொள்வதுதான் நிம்மதி. போய்விட்டுக் காத்திருந்து திரும்பக் கொண்டுவந்து விடுவார்.

மே 4-இல் அக்கினி நட்சத்திரம் பிறந்துவிட்டது. காலை பத்துக்கு மேல் வெளியே தலைகாட்ட முடியாது. அப்போது கைகொடுத்தது நத்தம் சாலையில் இருக்கிற கலைஞர் நூற்றாண்டு நூலகம். 2023 ஜூலையில் திறந்தது, 2 லட்சம் சதுர அடிக்கு மேல். என் மூன்று கேள்விக்கும் ஒரே மூச்சில் ஆமாம் சொன்ன கட்டிடம் இது ஒன்றுதான்: லிஃப்ட் உண்டு, நாற்காலி உண்டு, சுத்தமான கழிப்பறை உண்டு. ஏசி வேறு. பேத்தியைக் குழந்தைகள் பிரிவில் விட்டுவிட்டு நாலு நாள் மதியத்தை அங்கேயே கழித்தேன். கோயில் குளம் என்று தேடிப் போகிற வயதில் லைப்ரரிக்குப் போகிறாளே என்று சொந்தக்காரர்கள் பேசியிருப்பார்கள், பேசட்டும்.

கீழடிக்கும் போனோம். நகரிலிருந்து 12 கிலோமீட்டர், ஆட்டோவிலேயே போய்விடலாம். செட்டிநாட்டு வீடு மாதிரி கட்டியிருக்கும் அருங்காட்சியகம், 2023 மார்ச்சில் திறந்தது. பானை ஓட்டில் கீறியிருக்கும் 'ஆதன்' என்ற பெயரைப் பேத்திக்கு எழுத்துக் கூட்டிக் காட்டினேன். "இந்த எழுத்து கோணலா இருக்கே, டீச்சர் மார்க் போடுவாங்களா?" என்றாள். போட்டிருப்பேன்.

சித்திரைத் திருவிழாவில் மீனாட்சி திருக்கல்யாணம் மே 8. கோயிலுக்குள் அன்றைக்குப் போகிற எண்ணமே வைத்துக்கொள்ளவில்லை. வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்து, மீனாட்சிக்குத் தாலி ஏறும் நேரத்தில் தம்பி மனைவியும் மருமகள்களும் தாலிக்கயிறு மாற்றிக்கொண்டதைப் பார்த்தேன். என் மாதிரி ஆட்கள் கொஞ்சம் தள்ளி உட்காருகிற வழக்கம் உண்டு. தம்பி மனைவிதான் குங்குமச் சிமிழை என் கையில் கொடுத்து, "நீங்க வச்சுவிடுங்க மதினி" என்றாள். வைத்துவிட்டேன். ஒன்றும் இடிந்து விழவில்லை. அப்புறம் சேதுபதி பள்ளிக்கு மருமகப் பிள்ளைகள் போய் மீனாட்சி கல்யாண விருந்து சாப்பிட்டு, மொய்யும் எழுதிவிட்டு வந்தார்கள். கோயிலுக்குள் இன்னொரு நாள் காலை ஆறு மணிக்குப் போனேன், கூட்டமே இல்லை. 2018-இலிருந்து உள்ளே செல்போன் கூடாது, வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

அழகர் விஷயத்தில் எங்களுக்கு அதிர்ஷ்டம். வைகையில் இறங்க அவர் அழகர்மலையிலிருந்து 21 கிலோமீட்டர் வருகிற வழியே எங்கள் தெருமுனைதான். மூன்றுமாவடியில் ஊர் எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவை முடித்து, வழியில் அவர் தங்கிப் போகிற மண்டகப்படி மண்டகப்படியாக நின்று தல்லாகுளம் போய்ச் சேருவார். மறுநாள், மே 12, விடியற்காலை ஆற்றில் இறங்குவது. வீட்டு மாடியில் சொந்தக்காரர்கள் மட்டும் 34 பேர். எனக்கு மாடி ஏற முடியாது என்று தம்பி முதல் நாளே வாசலில் கட்டில் போட்டுவிட்டான். பித்தளைச் செம்பில் சர்க்கரை நிரப்பி, வாழையிலையால் வாயை மூடிக் கட்டி, மேலே சூடம் வைத்துக் கொடுத்தாள் அத்தை மகள். செம்பு வெயிலிலேயே சுட்டது. தோல்பையில் தண்ணீர் சுமந்து வருகிற துருத்திக்காரர்கள் பீய்ச்சிய தண்ணீர் பட்டு என் சூடம் அணைந்தது. முன்பின் தெரியாத ஒருத்தி தன் செம்பைச் சாய்த்து என்னுடையதைப் பற்றவைத்துவிட்டுப் போய்விட்டாள். அந்தக் கூட்டத்தில் கழிப்பறை தேடிய பெண்களுக்கு அன்று முழுக்கத் தம்பி வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. எண்ணிக்கை ஐம்பதைத் தாண்டியதும் மோட்டார் மக்கர் செய்தது.

கடைசி வாரம் தம்பி பேரனுக்குக் காதுகுத்து, உசிலம்பட்டிப் பக்கம் குலதெய்வம் கோயிலில். எல்லோரும் வேனில் போக, நானும் பேத்தியும் போடி ரயிலில் போனோம். அகலப்பாதை வேலைக்காக வருடக்கணக்கில் மூடிக் கிடந்த தடம் அது. 2022-இல் தேனி வரைக்கும், அடுத்த வருடம் போடி வரைக்கும் திரும்ப ஓட ஆரம்பித்தது. ஒரு மணி நேரம் கூட ஆகவில்லை. கோயிலில் பாத்ரூம் கிடையாது என்று முன்பே தெரியும், அதனால் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் 500 ரூபாய் பேசி ஏற்பாடு செய்திருந்தான் தம்பி. பையனைத் தாய்மாமன் மடியில் வைத்து ஆசாரி ஊசி எடுத்ததும் அவன் போட்ட சத்தத்தில் கிடாய்கூடத் திரும்பிப் பார்த்தது.

நான் வாய் பிளந்தது மொய் மேசையைப் பார்த்துத்தான். நோட்டும் மஞ்சள் தடவிய முதல் பக்கமும் போய், லேப்டாப், குட்டி பிரிண்டர், பணம் எண்ணுகிற இயந்திரம். இதற்கென்றே வாடகைக்கு வருகிற பையன்கள். ஊர், பெயர், தொகை சொன்னதும் ரசீது வருகிறது, போனுக்குக் குறுஞ்செய்தி போகிறது. துபாயில் இருக்கிற மச்சினன் மகன் க்யூஆரில் அனுப்பியதும் பட்டியலில் ஏறிவிட்டது. என் முறை வந்தது. "ஊர் என்ன அம்மாச்சி?" என்றான் பையன். சிங்கப்பூர் என்று சொல்ல வாயெடுத்தேன். தம்பி பின்னாலிருந்து, "புதூர்னு போடுப்பா" என்றான். அப்படியே அச்சாகி வந்தது.

மே 19, விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனை வரிசை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்து போனைத் தட்டில் போடப் போகும்போது கிணுங்கியது. வங்கியிலிருந்து குறுஞ்செய்தி: தங்கள் கைபேசி எண் வெற்றிகரமாக மாற்றப்பட்டது.