தாழ்த்திய போலோவுக்கு 17 அங்குல வீல்: “ஓட ஓட செட் ஆயிடும் சார்” என்று சொல்லும் கடையில் கார் சாவியைக் கொடுக்காதீர்கள்

கோவையில் ஒரு வீல் கடை. வண்டி 2015 மாடல் போக்ஸ்வேகன் போலோ ஹைலைன், ஏற்கெனவே 35 மி.மீ. தாழ்த்தும் ஸ்பிரிங் போட்டது. கம்பெனி வீல் 15 அங்குலம், 6ஜே (ரிம் அகலம் 6 அங்குலம்), ஈடி40 (விளக்கம் கீழே). டயர் 185/60 ஆர்15. அதைக் கழற்றிவிட்டு 17 அங்குலம் 7.5ஜே அலாயும் 215/45 டயரும் மாட்டினார்கள். பில் 84,000 ரூபாய். “பிளக் அண்ட் பிளே சார், எங்கேயும் தட்டாது” என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். மூன்றாவது வாரம் பார்த்தால், பின்பக்கம் இரண்டு டயரிலும் வெளித் தோளைச் சுற்றி பிளேடு வைத்து இழுத்த மாதிரி ஒரு பள்ளம். இடது டயரில் உள்ளே நூல் தெரிகிறது.

இந்த வீலை மாட்டுவதற்கு முன் ஒரு துண்டுச்சீட்டில் நாலு வரி கணக்குப் போட்டிருந்தால் போதும், பெட்டியைப் பிரிக்கவே வேண்டியதில்லை. அந்தக் கணக்கு இதுதான்.

ஈடி என்பது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, ஹப்பில் (வண்டியில் வீல் மாட்டும் சுழலும் பகுதி) ஒட்டும் முகம் எத்தனை மி.மீ. வெளிப்பக்கம் தள்ளி இருக்கிறது என்ற அளவு. எண் குறையக் குறைய வீல் வெளியே வரும். பெட்டியின் மேல் ஸ்டிக்கரில் ஈடி40 என்று இருந்தது. ஸ்போக்கின் பின்பக்கம், வார்ப்பிலேயே வந்த எழுத்து ஈடி35. நம்ப வேண்டியது வார்ப்பு எழுத்தைத்தான். ஸ்டிக்கரை யார் வேண்டுமானாலும் ஒட்டலாம்.

6 அங்குல ரிம்மில் பாதி 76.2 மி.மீ. அதில் 40 போனால் ஹப் முகத்திலிருந்து ரிம்மின் வெளி விளிம்பு 36.2 மி.மீ. தள்ளி இருக்கிறது. 7.5 அங்குலத்தில் பாதி 95.25; அதில் 35 போனால் 60.25. ஆக ரிம் விளிம்பு 24 மி.மீ. வெளியே வந்துவிட்டது. உள்பக்கம் பாதியையும் ஈடியையும் கூட்ட வேண்டும்: முன்பு 116.2, இப்போது 130.25. உள்ளே ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) பக்கமாக 14 மி.மீ. போயிருக்கிறது.

பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். உரசுவது பெரும்பாலும் டயர், ரிம் அபூர்வம். அதனால் டயர் பக்கவாட்டுக்கும் கணக்குப் போட வேண்டும். டயரில் எழுதியிருக்கும் அகலம் ஒரு குறிப்பிட்ட ரிம்மில் வைத்து அளந்தது. ரிம் அரை அங்குலம் கூடினால் டயர் ஏறக்குறைய 5 மி.மீ. விரியும். 185 டயர் 6ஜே ரிம்மில் சுமார் 194 மி.மீ. வரும், 215 டயர் 7.5ஜேயில் சுமார் 218. பாதியை எடுத்து ஈடியைக் கழித்தால், டயரின் வெளிப்பக்கம் 57இலிருந்து 74க்குப் போகிறது. 17 மி.மீ. வித்தியாசம். பெருவிரல் அகலம் இருக்கும்.

அடுத்தது உயரம். 185/60 ஆர்15 என்றால் அகலம் 185 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 60 சதவீதம், ரிம் 15 அங்குலம். 185/60 ஆர்15இன் விட்டம் 603 மி.மீ.; 215/45 ஆர்17க்கு 625. ஆரம் 11 மி.மீ. கூடிவிட்டது. ஸ்பிரிங் ஏற்கெனவே 35 தின்றாயிற்று. கம்பெனி கொடுத்த இடைவெளியில் மொத்தம் 46 மி.மீ. காணாமல் போன இடத்தில்தான் 17 மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் டயர் ஏறி இறங்குகிறது. பின் சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்து ஒரு ஸ்பீட் பிரேக்கர் ஏறினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. போதாததற்கு மீட்டரும் பொய் சொல்லும்: 100 காட்டும்போது வண்டி ஏறக்குறைய 104இல் போகும்.

டயரை அறுத்தது ஆர்ச்சின் (டயருக்கு மேலே வளையும் பாடித் தகடு) உள்மடிப்பு மட்டுமில்லை. பின் ஆர்ச்சில் பம்பரும் பாடியும் சேரும் மூலையில் ஒரு டார்க்ஸ் ஸ்குரூ (தலையில் நட்சத்திரக் குழி உள்ளது) உண்டு. அதன் தலை கீழ்நோக்கித் துருத்திக்கொண்டிருக்கும். தாழ்த்திய வண்டியில் அகல டயர் போட்டால் முதலில் கடிபடும் இடங்களில் அது ஒன்று. குனிந்து விரலால் தடவினாலே தெரியும். கடையில் யாரும் தடவிப் பார்க்கவில்லை.

முதல் முறை புகார் சொன்னபோது வந்த பதில்: “லைனர்தான் சார் தட்டுது, ஓட ஓட செட் ஆயிடும்.” முன்பக்கம் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தால் லைனர் உரசியது உண்மைதான். அது ஆர்ச்சுக்கு உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உறை, காலப்போக்கில் தேய்ந்து வழிவிடலாம். பின் ஆர்ச் இரும்பு. அது செட் ஆகாது. டயர்தான் செட் ஆகும்.

இரண்டாம் முறை போனபோது முன்பக்கம் ஹப்புக்கும் வீலுக்கும் நடுவே 5 மி.மீ. ஸ்பேசர் தகடு வைத்தார்கள். ஏற்கெனவே வெளியே நீட்டியிருக்கும் டயரை இன்னும் 5 மி.மீ. வெளியே தள்ளினால், ஒடிக்கும்போது அதன் வெளி மூலை இன்னும் பெரிய வட்டம் அடிக்கும். உரசல் லைனரிலிருந்து பம்பர் ஓரத்துக்கு இடம் மாறியது, அவ்வளவே. இதைவிட மோசம், போல்ட்டை மாற்றவில்லை. போலோவில் ஸ்டட்டும் நட்டும் கிடையாது, எம்14×1.5 போல்ட் நேராக ஹப்புக்குள் ஏறும். 5 மி.மீ. ஸ்பேசர் வைத்தால் மரை பிடிப்பில் அதே 5 மி.மீ. போய்விடும். போல்ட்டின் விட்டம் எவ்வளவோ அவ்வளவாவது மரை பிடிக்க வேண்டும் என்பது பட்டறை விதி. எம்14க்கு 14 மி.மீ., அதாவது 9 சுற்றுக்கு மேல். கையால் சுற்றி எண்ணிப் பாருங்கள். 6, 7 சுற்றிலேயே இறுகிவிட்டால் அந்த வண்டியை ரோட்டுக்கு எடுக்காதீர்கள்.

போல்ட்டில் இன்னொரு கோளாறும் இருந்தது. இந்தப் பதிவில் ஒன்றை மட்டும்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள். போக்ஸ்வேகன் கம்பெனி போல்ட்டின் தலைக்கு அடிப்பக்கம் உருண்டையாக இருக்கும், பால் சீட் என்பார்கள். வெளியில் வாங்கும் அலாய்களில் பெரும்பாலும் துளை கூம்பு வடிவம், 60 டிகிரி டேப்பர். உருண்டையைக் கூம்பில் வைத்து இறுக்கினால் இரண்டும் ஒரு மெல்லிய கோட்டில்தான் தொடும். ரெஞ்சில் முறுக்கு சரியாகவே காட்டும். ஓட ஓட அந்தக் கோட்டில் அலுமினியம் நசுங்கி, போல்ட் தானாகத் தளரும். இந்தக் கடை கம்பெனி போல்ட்டையே போட்டு, காற்று கன்னால் அடித்து அனுப்பியிருந்தது. வேறு இடத்தில் கழற்றியபோது 20 போல்ட்டில் 6 கையாலேயே திரும்பின. துளைகளின் உள்ளே பளபளவென்று ஒரு வளையம், நகத்தால் தடவினால் படி தட்டுப்படுகிறது.

மணிக்கு 80 தாண்டினால் ஸ்டியரிங் உதறும் என்பது தனிப் புகார். அதற்கு மூன்று முறை பேலன்சிங் செய்தார்கள், இரண்டு முறை காசும் வாங்கினார்கள். இது பேலன்சிங் கோளாறே இல்லை. அலாயின் நடுத்துளை 73.1 மி.மீ.; போலோ ஹப்பின் உதடு 57.1. சுற்றிலும் 8 மி.மீ. காற்று. பேலன்சிங் மெஷின் அந்த நடுத்துளையைக் கூம்பால் பிடித்துத்தான் வீலைச் சுற்றுகிறது, அதனால் மெஷினில் எப்போதும் பூஜ்யம் காட்டும். வண்டியில் நடுத்துளை எதிலும் உட்காரவில்லை. போல்ட் எங்கே இழுக்கிறதோ அங்கே வீல் நிற்கும். அந்த இடைவெளியை அடைக்கும் 73.1க்கு 57.1 ஹப் ரிங் நான்கு போட்டால் தீர்கிற விஷயம், வீல் விலையோடு பார்த்தால் சில்லறைக் காசு. முன்பக்கம் வைத்த ஸ்பேசர் ஹப் உதட்டையும் விழுங்கிவிட்டதால், அதைக் கழற்றினால்தான் ரிங்கே உட்காரும்.

மூன்றாம் முறை “ஆர்ச் ரோல் பண்ணித் தர்றோம்” என்றார்கள். செய்தது இது: இரும்புக் குழாய் ஒன்றை டயருக்கும் ஆர்ச்சுக்கும் நடுவே சொருகி, வண்டியை முன்னும் பின்னும் உருட்டினார்கள். ஆர்ச் அலையலையாக நெளிந்தது, உள்மடிப்பில் பெயின்ட் வெடித்தது. பின் ஆர்ச்சில் உள் தகடும் வெளித் தகடும் சேரும் இடத்தில் சீலன்ட் ஓடும். அது விட்டால் தண்ணீர் நடுவே போகும், பிறகு துருவை வெளியிலிருந்து பார்க்கவே முடியாது. ஒழுங்காகச் செய்தால் ஹப்பில் ரோலர் கருவியை மாட்டி, ஹீட் கன்னால் பெயின்ட்டைச் சூடாக்கிக்கொண்டே, நாலைந்து தடவையாக, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக மடிப்பார்கள். ஸ்குரூவை முன்னாலேயே கழற்றிவிடுவார்கள். முடிந்ததும் மடிப்பு முழுக்க சீலன்ட் தடவி, ப்ரைமர் அடிப்பார்கள். ஒரு ஆர்ச்சுக்கு ஒரு மணி நேரமாவது பிடிக்கும். பத்து நிமிடத்தில் நான்கும் முடித்துத் தருகிறேன் என்பவரிடம் குழாய்தான் இருக்கிறது.

டயரிலும் கை வைத்திருந்தார்கள். பக்கவாட்டில் டாட் (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கம்தான் தயாரித்த வாரமும் வருடமும்: 1423 என்றால் 2023ஆம் ஆண்டின் 14ஆவது வாரம். அந்த நான்கு இலக்கம் ஒரு பக்கத்தில் மட்டும்தான் கட்டாயம் இருக்கும். இந்த வண்டியில் இரண்டு டயரில் அந்தப் பக்கத்தை உள்ளே திருப்பி மாட்டியிருந்தார்கள். அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தால் மற்ற இரண்டைவிட நான்கு வருடம் பழையது. விலை நான்குக்கும் ஒன்றே.

ஒழுங்கான கடை என்றால் எப்படி இருக்கும்? டயர் ஏற்றாத வெறும் ரிம் ஒன்றை முன்னும் பின்னும் மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். டயர் ஏற்றிய ரிம்மை எந்தக் கடையும் திரும்ப வாங்காது. அதனால் நீங்கள் நிறுத்தக்கூடிய கடைசி இடம் இதுதான். பிரேக் காலிப்பருக்கும் ஸ்போக்குக்கும் நடுவே 3 மி.மீ. வேண்டும். ஸ்ட்ரட் பக்கம் டயருக்கு 5 மி.மீ. இருந்தால் போதும், ஏனென்றால் முன் ஸ்ட்ரட்டும் வீலும் சேர்ந்தே ஏறி இறங்குகின்றன, அந்த இடைவெளி மாறாது. ஆர்ச் இடைவெளி அப்படி இல்லை. நின்றபடி பார்த்தால் இரண்டு விரல் போகும், பள்ளத்தில் இறங்கினால் பூஜ்யம். அதை அளக்க ஒரே நம்பகமான வழி, ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, பம்ப் ஸ்டாப் (சஸ்பென்ஷன் கடைசியில் முட்டும் ரப்பர்) நசுங்கும் வரை ஜாக்கியால் ஹப்பைத் தூக்கிப் பார்ப்பது. முன்பக்கம் அந்த நிலையிலேயே இரண்டு பக்கமும் முழுசாக ஒடிக்க வேண்டும்.

அவ்வளவு நேரம் இல்லையென்றால்: ஆர்ச் உள்மடிப்பில் பிள்ளைகள் விளையாடும் களிமண்ணைப் பட்டையாக ஒட்டுங்கள். பின் சீட்டில் மூன்று பேர், டேங்க் நிறைய பெட்ரோல். ஒரு பின் வீலையும் அதற்குக் குறுக்கே உள்ள முன் வீலையும் 10 செ.மீ. கட்டை மேல் ஏற்றுங்கள். பிறகு களிமண் எவ்வளவு தடிமன் மிஞ்சியிருக்கிறது என்று பாருங்கள். 5 மி.மீ.க்குக் கீழே என்றால் அந்த சைஸ் வேண்டாம்.

இதே போலோவுக்கு, இதே ஸ்பிரிங்கோடு, கடைசியில் சரிவந்தது 16 அங்குலம், 7ஜே, ஈடி38, டயர் 195/50 ஆர்16. விட்டம் 601, கம்பெனி அளவுக்கு 2 மி.மீ.தான் குறைவு, மீட்டரும் சரியாக இருக்கிறது. டயரின் வெளிப்பக்கம் சுமார் 10 மி.மீ. மட்டுமே கூடுகிறது. லோட் இண்டெக்ஸ் 84, அதாவது ஒரு டயருக்கு 500 கிலோ, கம்பெனி டயரில் இருந்த அதே எண். இதற்குக் கீழே போகாதீர்கள். ஹப் ரிங், டேப்பர் சீட் போல்ட் 20, பின் ஆர்ச்சில் முறையான ரோல், அந்த டார்க்ஸ் ஸ்குரூவுக்குத் தட்டைத் தலை. போல்ட் இறுக்கம் டார்க் ரெஞ்சில் (முறுக்கை அளக்கும் ரெஞ்ச்) 120 நியூட்டன் மீட்டர், 100 கி.மீ. ஓடியதும் மறுபடி ஒரு தடவை. கூடவே அலைன்மென்ட், தாழ்த்திய வண்டியில் டோ (டயர்கள் உள்ளே, வெளியே திரும்பியிருக்கும் கோணம்) மாறியிருக்கும், விட்டால் உள் ஓரம் மட்டும் தேயும். 17 அழகுதான், யாரும் மறுக்கவில்லை. 35 மி.மீ. தாழ்த்திய போலோவில் அதற்கு இடம் இல்லை.

காகிதம் பற்றி. கடை கொடுத்த பில்லில் “அலாய் வீல் 17 – 1 செட், டயர் – 4” என்பதைத் தவிர ஒன்றும் இல்லை. பணம் கொடுக்கும் முன் பிசிடி (போல்ட் எண்ணிக்கையும் போல்ட் வட்டத்தின் விட்டமும், போலோவுக்கு 5×100), ஜே, ஈடி, நடுத்துளை, டயர் அளவு, லோட் இண்டெக்ஸ், நான்கு டயரின் தேதி இலக்கம் எல்லாம் பில்லில் ஏற வேண்டும். “எங்கும் உரசாது” என்று வாயால் சொன்னதையும் எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் அதுவே பதில். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. அதற்கு முன் 1915 உதவி எண்ணில் பதிவு செய்தாலே சில கடைகள் இறங்கி வரும். கையில் அளவு எழுதிய பில் இல்லாமல் போனால் அங்கே பேச ஒன்றும் இருக்காது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு, கம்பெனி விவரத்துக்கு மாறான மாற்றங்களைத் தடுக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். மாற்றத்தை இன்சூரன்ஸில் சொல்லாமல் விட்டால் கிளெய்ம் சமயத்தில் அது உங்கள் தலையில் விடியும்.

இன்னொன்று, பழைய செட்டை அன்றைக்கே எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள். இந்தப் பில்லில் கம்பெனி அலாய் நான்கையும் பாதி தேய்ந்த டயரையும் 11,000 ரூபாய்க்குக் கழித்திருந்தார்கள். நூல் தெரியும் டயரோடு வண்டியை ஓட்ட முடியாது, மாற்றி மாட்ட வீல் இல்லை என்ற நிலையில் அதையே திரும்பக் கேட்டபோது, செட் முதல் வாரமே விற்றுப்போயிருந்தது. “அதே மாதிரி இன்னொண்ணு இருக்கு, 22 சொல்றாங்க” என்றார் கடைக்காரர்.