பச்சைக் கோடுகளை நம்பி நடத்தல்: ஆர்ட்னன்ஸ் சர்வேயின் காட்ஸ்வோல்ட்ஸ் வரைபடம்

இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட்ஸ் பகுதியில் உள்ள போர்ட்டன்-ஆன்-த-வாட்டர் என்ற ஊரிலிருந்து புறப்பட்டு, லோயர் ஸ்லாட்டர், அப்பர் ஸ்லாட்டர் என்ற இரண்டு சிற்றூர்களையும் பார்த்துவிட்டுத் திரும்பி வர, அவசரப்படாமல் நடப்பவருக்கும் ஒரு காலைப்பொழுது போதும். மூச்சு வாங்கவைக்கும் ஏற்றம் எதுவும் கிடையாது. வழியின் நல்ல பகுதி ஓடையை ஒட்டியே போகிறது. இவ்வளவு எளிய நடைக்குக் காசு கொடுத்து வரைபடம் வாங்க வேண்டுமா என்று நானும் முதலில் தயங்கினேன். பிரிட்டனின் நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வே வெளியிடும் எக்ஸ்ப்ளோரர் வரிசையின் ஓஎல் 45 என்ற தாளைக் கையில் வைத்துக்கொண்டு நடந்த பிறகு, வாங்க வேண்டும் என்பதே என் முடிவு. வழி தவறிவிடுவோம் என்ற அச்சம் அதற்குக் காரணம் அன்று. எந்த வயலுக்குள் கால் வைக்க நமக்கு உரிமை உண்டு என்பதை இந்தத் தாளைப் போல வேறொன்று இத்தனை தெளிவாகக் காட்டுவதில்லை என்பதே காரணம்.

1791இல் இராணுவத் தேவைக்காகத் தொடங்கப்பட்ட இந்த நில அளவை நிறுவனம், இன்று நடைப்பயணிகளுக்காக முக்கியமாக இரண்டு வரிசைகளை அச்சிடுகிறது. இளஞ்சிவப்பு அட்டை கொண்ட லேண்ட்ரேஞ்சர் வரிசை 1:50,000 அளவில் அமைந்தது. ஆரஞ்சு நிற அட்டை கொண்ட எக்ஸ்ப்ளோரர் வரிசை 1:25,000 அளவில் அமைந்தது, அதாவது தாளில் 4 செ.மீ. என்பது தரையில் 1 கி.மீ. ஒரே தாளில் பெரிய பரப்பை அடக்கிவிடுவதால் லேண்ட்ரேஞ்சர்தான் சிக்கனமானது என்று தோன்றலாம். காரில் சுற்றுபவருக்கு அது சரிதான். நடப்பவருக்கு அது போதாது, ஏனெனில் வயல்களின் எல்லைகள் அதில் இல்லை. எக்ஸ்ப்ளோரரில் ஒவ்வொரு வயலின் எல்லையும் மெல்லிய கருங்கோடாக வரையப்பட்டிருக்கிறது. அந்தக் கோடு உயிர்வேலியா, கம்பிவேலியா, சாந்து பூசாமல் அடுக்கிய காட்ஸ்வோல்ட்ஸ் கல்சுவரா என்று பிரித்துச் சொல்லாவிட்டாலும், பாதை அந்த எல்லையின் வலப்பக்கம் போகிறதா இடப்பக்கம் போகிறதா என்பது தெரிந்துவிடுகிறது. இங்கிலாந்தின் கிராமப்புறத்தில் ஒருவர் குழம்பி நிற்பது பெரும்பாலும் காட்டு நடுவில் அன்று. ஒரு வயலின் மூலையில், வாயிலைத் தாண்டி எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல்தான்.

இந்தத் தாளின் உயிர் அதிலுள்ள பச்சை நிறத்தில் இருக்கிறது. குட்டையான பச்சைக் கோடுகள் வரிசையாக வந்தால் அது நடந்து செல்வோருக்கான பொதுப்பாதை. நீளமான பச்சைக் கோடுகள் வந்தால் குதிரையும் மிதிவண்டியும் செல்லக்கூடிய பாதை. இவை வெறும் பயணக் குறிப்புகள் அல்ல. 1949ஆம் ஆண்டின் சட்டத்தைத் தொடர்ந்து உள்ளாட்சி அமைப்புகள் தயாரித்து வைத்திருக்கும் சட்டபூர்வமான பாதைப் பதிவேடுகளிலிருந்து இந்தப் பச்சைக் கோடுகள் எடுக்கப்படுகின்றன. நிலம் தனியாருடையதாக இருந்தாலும் அந்தக் கோட்டின் வழியே நடக்க எவருக்கும் உரிமை உண்டு; நில உரிமையாளரிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. வயலின் குறுக்கே போகும் பாதையை விவசாயி உழுதால்கூட, வழக்கமாக 14 நாள்களுக்குள் குறைந்தது 1 மீட்டர் அகலத்தில் அதைத் திரும்பச் சீர்ப்படுத்தித் தர வேண்டும் என்று 1990ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. மாறாக, கருநிறக் கோடுகளால் காட்டப்பட்ட பாதைகள் தரையில் பாதை இருப்பதை மட்டுமே குறிக்கின்றன. அவற்றில் நடக்க உரிமை உண்டு என்பதற்கு இந்த வரைபடம் சான்றாகாது என்று விளக்கக் கட்டத்திலேயே அச்சிட்டிருக்கிறார்கள். பச்சைக்கும் கறுப்புக்கும் உள்ள இந்த வேறுபாட்டை முதல் நாளே மனத்தில் பதித்துக்கொள்வது நல்லது. பிறருடைய நிலத்தில் நடக்கிறோமே என்று கூச்சத்தோடு தலைகுனிந்து போவதற்கும், நிமிர்ந்து நடந்து எதிரே வருபவருக்குக் காலை வணக்கம் சொல்வதற்கும் இடையிலுள்ள தூரம் அதுதான்.

போர்ட்டன் ஊரின் நடுவே வின்ட்ரஷ் ஆறு, தாழ்வான கற்பாலங்களின் அடியில் கணுக்கால் அளவு நீரோடு ஓடுகிறது. கோடை விடுமுறையில் கூட்டம் பொறுக்க முடியாத அளவுக்குச் சேரும் ஊர் இது. தாளில் பார்த்தால் இந்த ஊரை நோக்கிப் பச்சை வைர வடிவக் குறிகள் பல திசைகளிலிருந்தும் வந்து சேர்வது தெரியும்; அவை பெயரிடப்பட்ட நெடுநடைப் பாதைகளின் அடையாளம். ஹென்லி வரை செல்லும் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயர் வே இங்கேதான் தொடங்குகிறது. ஸ்டாஃபோர்ட்ஷயரிலிருந்து வரும் ஹார்ட் ஆஃப் இங்கிலாந்து வே இங்கே வந்து முடிகிறது. நமக்குத் தேவையானது வின்ச்கூம் வரை போகும் வார்டன்ஸ் வே. அதன் வைரக் குறிகளைப் பின்பற்றினால், எக்ஸெட்டரையும் லிங்கனையும் இணைத்த பழைய ரோமானியச் சாலையான ஃபாஸ் வேயைக் குறுக்காகக் கடந்து, வயல்வெளி வழியாக லோயர் ஸ்லாட்டருக்குள் நுழைகிறோம். சாலையைக் கடக்கும்போது மட்டும் கவனம் தேவை. ரோமானியர் நேராகப் போட்ட சாலையில் இன்றைய வண்டிகள் வேகமாகத்தான் வருகின்றன. ஊருக்குள் ஐ என்ற சிற்றாறு தெருவை ஒட்டியே ஓடுகிறது. வீடுகள் எல்லாம் தேன் நிறச் சுண்ணாம்புக் கல்லால் ஆனவை. பழைய ஆலையின் புகைபோக்கி மட்டும் செங்கல்லால் கட்டப்பட்டிருப்பதால் தனித்துத் தெரிகிறது. ஆலைக்குப் பின்புறமிருந்து மேய்ச்சல் நிலங்களின் வழியே ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் நடந்தால் அப்பர் ஸ்லாட்டர். இந்த நடையின் மிக இனிய பகுதி இதுவே.

எழுத்துருவைக்கூட இந்த வரைபடம் வீணாக்குவதில்லை. ரோமானியர் காலத்து எச்சங்கள் ஒரு வகை எழுத்திலும், பிற தொல்லிடங்கள் பழங்காலக் கையெழுத்துச் சுவடிகளை நினைவூட்டும் கோதிக் எழுத்திலும் பொறிக்கப்படுகின்றன. போர்ட்டனின் கிழக்கு விளிம்பில் உள்ள சால்மன்ஸ்பரி என்ற இரும்புக்காலக் கோட்டையும், அப்பர் ஸ்லாட்டரில் இருந்த நார்மானியக் கோட்டையின் மண்மேடும் நேரில் பார்ப்பவர் கண்ணுக்குப் புல் படர்ந்த மேடுகளாகவே தோன்றும். தாளைப் பார்க்காமல் நடந்திருந்தால் இரண்டையும் கவனிக்காமலே கடந்து போயிருப்பேன்.

இனி, இந்தத் தாள் சொல்லாதவை. ஸ்லாட்டர் என்ற பெயரைக் கேட்டுப் படுகொலை ஏதும் நடந்த ஊரோ என்று நினைக்க வேண்டாம். சேற்று நிலம் என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்த பெயர் என்பதே பொதுவாகத் தரப்படும் விளக்கம். கொலை நடந்ததற்கு மாறாக, இரண்டு உலகப் போர்களுக்கும் சென்ற அப்பர் ஸ்லாட்டரின் வீரர்கள் அனைவரும் உயிருடன் திரும்பினார்கள். ஆனால் ஊரின் பெயரிலேயே இருக்கும் சேற்றைப் பற்றி வரைபடத்தில் ஒரு குறிகூட இல்லை. கோடையில் செருப்போடு நடக்கக்கூடிய அதே பச்சைக் கோடு, மழைக்காலத்தில், அதுவும் மாடுகள் கூடி மிதித்த வாயிலருகே, முழங்கால் வரை இழுத்துவிடும். வேலியைத் தாண்டுவதற்கான மரப்படிகள் எங்கே உள்ளன என்றும் காட்டப்படவில்லை. மூட்டுவலி உள்ள பெரியவர்களை அழைத்துப் போகிறவருக்கும், குழந்தையின் தள்ளுவண்டியோடு வருகிறவருக்கும் மற்ற எல்லாவற்றையும்விட அந்தத் தகவல்தான் முக்கியம். எளிய நடையை நாடுவோர் பெரும்பாலும் இவர்களே என்பதால், இதை நான் சிறிய குறையாகக் கருதவில்லை.

தாளின் அளவும் ஒரு சங்கடம். இருபுறமும் அச்சிட்ட இந்தத் தாளை முழுதாக விரித்தால் சாப்பாட்டு மேசையையே மூடிவிடும். திறந்த வெளியில், காற்றில் விரிப்பது வேட்டி உலர்த்துவதற்கு ஒப்பாகும். வீட்டிலேயே தேவையான பகுதி மேலே வருமாறு மடித்து, ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்வது நல்லது. நீர் புகாதபடி பூச்சிட்ட ஆக்டிவ் பதிப்பும் விற்பனைக்கு உண்டு. அது கனமானது, விலையும் கூடுதல். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை, நல்ல வெயில் நாளில் மட்டும் நடப்பவருக்குச் சாதாரணக் காகிதமே போதும். அட்டையின் உட்புறத்தில் சுரண்டிப் பார்க்கும் குறியீட்டு எண் ஒன்று இருக்கிறது. அதைக் கொண்டு இதே வரைபடத்தைக் கைபேசியிலும் இறக்கிக்கொள்ளலாம். வீட்டில் இணைய வசதி இருக்கும்போதே இறக்கிவிடுவது உத்தமம். நாம் நிற்கும் இடத்தைக் கைபேசி ஒரு புள்ளியாகக் காட்டிவிடும். அந்தப் புள்ளியைச் சுற்றி என்னென்ன இருக்கின்றன, திரும்பி வர வேறு வழி உண்டா என்று பார்க்க விரலளவு திரையைவிடக் காகிதமே எனக்கு வசதியாக இருந்தது.

ஒரு காலை நடைக்காக வாங்கிய தாளின் பெரும்பகுதி இன்னும் நடக்கப்படாமலே கிடக்கிறது. அதே வின்ட்ரஷ் ஆறு கீழே பர்ஃபோர்ட் நகரைக் கடந்து போகிறது. அங்கிருந்து கிழக்கே ஆற்றோரமாகச் சிறிது தூரம் நடந்தால் விட்ஃபோர்ட் என்ற இடத்தில், சுற்றிலும் இருந்த ஊர் மறைந்துபோய், வயல் நடுவே சிறு தேவாலயம் ஒன்று மட்டும் நிற்கிறது. அடுத்த முறை அங்கே போகலாம் என்று பென்சிலால் ஒரு வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.