வீல் பேரிங் மாற்றினீர்களா? பழைய கப் எங்கே என்று கேளுங்கள்

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி ஏற்றிப் பாலக்காட்டுக்கு ஓட்டுகிறேன். வண்டி சாதாரணப் பிக்கப். முன்பக்கம் பழைய மாதிரி ஹப் (சக்கரத்தின் நடுக் குடம்), ஒரு சக்கரத்துக்கு உள்ளே ஒன்று வெளியே ஒன்று என இரண்டு டேப்பர் ரோலர் பேரிங். ஒவ்வொன்றிலும் இரண்டு துண்டு: ரோலர்களோடு இருக்கும் உள்வளையம் கோன், ஹப்புக்குள் இறுகி உட்காரும் வெளிவளையம் கப். இதே அமைப்பு உள்ள வண்டி வைத்திருப்பவர்கள் அடுத்த முறை ஒர்க் ஷாப் போவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

முன் இடது சக்கரத்தில் ஒரு இரைச்சல் ஆரம்பித்தது. வலது பக்கம் ஒடித்தால் கூடும், இடது பக்கம் ஒடித்தால் அடங்கும். வலது பக்கம் திரும்பும்போது பாரம் இடது சக்கரத்தில் சாய்வதால் அப்படி. ஜாக்கி போட்டு டயரை மேலும் கீழும் பிடித்து அசைத்தால் ஆட்டம் தெரிந்தது. கிளீனரைப் பிரேக் மிதிக்கச் சொல்லி அசைத்தேன், ஆட்டம் நின்றுவிட்டது. மிதித்த பிறகும் ஆடினால் சக்கரத்தைத் தாங்கும் மூட்டான பால் ஜாயிண்ட்டைப் பார்க்க வேண்டும். நின்றுவிட்டால் பேரிங்தான்.

திண்டுக்கல் பைபாஸ் ஓரத்தில் ஒரு ஒர்க் ஷாப்பில் விட்டேன். பேர் சொல்லப் போவதில்லை. மாலையில் வண்டி தயார். நல்ல கம்பெனிப் பெட்டி இரண்டைக் காட்டினார்கள். துண்டுச்சீட்டில் "பேரிங் செட் 2, ஆயில் சீல் 1, கிரீஸ், கூலி" என்று எழுதிப் பணம் வாங்கிக்கொண்டார்கள்.

இரண்டு மாதம் தாங்கவில்லை. பொள்ளாச்சி தாண்டி, கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்குக் கொஞ்சம் முன்னால் கிரீஸ் கருகும் வாடை. இறங்கி ஹப் மேல் தண்ணீர் தெளித்தால் சுர்ரென்று பொங்கிப் போகிறது. வண்டியில் தக்காளி லோடு. பக்கத்தில் இருந்த வயசான மெக்கானிக் ஒருவர் வந்து சக்கரத்தைக் கழற்றினார்.

மூடியைத் தட்டி எடுத்ததும் உள்ளேயிருந்து தண்ணீராக வழிந்தது கிரீஸ். "தம்பி, இது ஸ்பிரிங் பட்டையில் அடிக்கிற சேசிஸ் கிரீஸ்ப்பா" என்றார். கால்சியம் கலந்த அந்த வகை நூறு டிகிரிக்கு முன்பே இளகிவிடும். பக்கத்திலேயே பிரேக் டிஸ்க் சுடும் இடத்தில் அதை வைத்தால் என்ன ஆகும்? ஹப்புக்கு ஏபி 3 மாதிரி லித்தியம் கிரீஸ் வேண்டும். அது உருகி ஒழுக 180 டிகிரி அளவு வர வேண்டும்.

அப்புறம் அவர் வெளிப்பக்கக் கோனைத் துடைத்து வெளிச்சத்தில் காட்டினார். ரோலர்கள் நீலம் பாய்ந்து கிடந்தன. அந்தக் கோனில் இருந்த கம்பெனிப் பேர் ஒன்று. ஹப்புக்குள் இறுகி உட்கார்ந்திருந்த கப்பில் வெட்டியிருந்த பேர் வேறொன்று. கப்பின் உள்முகத்தில் ரோலர்கள் உட்காரும் இடைவெளிக்குச் சரியாக வரிவரியாகத் துருக்கறை. முன்பு எப்போதோ தண்ணீர் புகுந்து, வண்டி நின்ற இடத்தில் பிடித்த கறை அது. கைபடாத வலது சக்கரத்தையும் திறந்து பார்த்தோம். அதில் இருந்த கப்பும் இதே பேர். அதாவது கம்பெனியில் வண்டி வந்தபோது போட்ட கப் அப்படியே இருக்கிறது. ஒர்க் ஷாப் மாற்றியது கோனை மட்டும், அதுவும் மலிவு சரக்கு. கிரீஸ் ஒழுகாமலும் தண்ணீர் புகாமலும் தடுக்கும் வளையமான சீலும் பழசுதான், உதடு பிளாஸ்டிக் மாதிரி விறைத்துப் போயிருந்தது.

டேப்பர் பேரிங்கில் கோனும் கப்பும் தனித்தனியாகக் கழன்று வரும். எண்ணும் தனித்தனி: உதாரணமாக எல்எம் 67048 கோனுக்கு எல்எம் 67010 கப். கோன் கையோடு வந்துவிடும். கப்பை எடுக்கத்தான் பித்தளை ராடை வைத்துப் பின்னாலிருந்து சுற்றிச் சுற்றித் தட்ட வேண்டும், புதுசைக் கோணாமல் இறக்க வேண்டும். அந்த வேலைக்குச் சோம்பல்பட்டு, கூலியை மட்டும் முழுசாக வாங்குகிறார்கள். குழி விழுந்த கப்பின் மேல் புது ரோலர் ஓடினால் அந்தக் குழி ரோலரையும் சேர்த்துத் தின்றுவிடும்.

ஒர்க் ஷாப்புக்குத் திரும்பி வந்து கேட்டதும் பதில் தயாராக இருந்தது: "ஓவர்லோடு ஏத்துறீங்கண்ணே, பேரிங் என்ன பண்ணும்?" எடைமேடைச் சீட்டை எடுத்து நீட்டினேன். அனுமதித்த எடைக்குள்தான் இருந்தது. உடனே ரோடு சரியில்லை என்று மாறினார்கள்.

ஓவர்லோடு பேரிங்கைக் கொல்லும் என்பது உண்மை, அதனால்தான் இந்தச் சாக்கு எடுபடுகிறது. ரோலர் பேரிங் கணக்குப்படி அதன் மேல் விழும் பாரம் 20 சதவீதம் கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். இரண்டு மடங்கானால் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். ஆனால் பிக்கப்பில் ஏற்றும் சரக்கின் எடை பெரும்பாலும் பின் ஆக்சிலில் இறங்குகிறது. லோடுதான் காரணம் என்றால் பின்பக்கம் முதலில் அலற வேண்டும், முன்னால் வலது பேரிங்கும் போயிருக்க வேண்டும். புதுசாக மாற்றிய ஒன்று மட்டும் தேடிப் பிடித்து எரியாது. இதைச் சொன்னதும் அங்கே யாரும் பேசவில்லை.

நியாயமாக வேறு காரணங்களும் உண்டு. அழகுக்கு வெளியே துருத்தும் வீலோ ஸ்பேசரோ போட்டால் பேரிங்கில் நெம்பும் விசை கூடும். ஓடிச் சூடான ஹப்பை வெள்ளத்தில் இறக்கினால் உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். பிரேக் பேடை அழுத்தும் காலிப்பரின் பின் இறுகிப் பிரேக் பிடித்தபடியே ஓடினாலும் ஹப் கொதிக்கும். பேரிங்கைப் பிடித்திருக்கும் ஹப் நட்டை இறுக்குவதில் நடக்கிற கூத்து தனி. சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, வண்டிக்குச் சொன்ன அளவுக்கு மெல்லிய பிளே (ஆட்டம்) விட்டு, நட் கழலாமல் பூட்டும் காட்டர் பின் போட வேண்டும். "ஆடாம டைட்டா வச்சிருக்கேன்" என்று ஒருவர் பெருமைப்பட்டால் அந்த வண்டியை எடுக்காதீர்கள்.

கூலிப் பணம் மட்டும் திரும்பி வந்தது, அதுவும் நாலு பேர் கூடிய பிறகு. சாமான் காசுக்குக் கையை விரித்துவிட்டார்கள். துண்டுச்சீட்டில் கடைப் பேரும் இல்லை, ஜிஎஸ்டி எண்ணும் இல்லை. வாடகை வண்டிக்கு நுகர்வோர் சட்டம் செல்லாது என்று வேறு ஒருவர் மிரட்டினார். அது பொய். சொந்தப் பிழைப்புக்காகத் தானே ஓட்டும் வண்டி என்றால் 2019 சட்டப்படி நாமும் நுகர்வோர்தான். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் கூப்பிடலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் கிடையாது. ஆனால் அங்கே போய் நிற்க முறையான பில் கையில் இருந்தால்தான் வேலை சுலபம். அதனால் பில்லில் கோன் எண், கப் எண் இரண்டையும் எழுதச் சொல்லுங்கள். கழற்றிய கோன், கப், சீல் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டுக் கேளுங்கள். ஒரு சக்கரத்துக்கு இரண்டு கப் வர வேண்டும். "தூக்கிப் போட்டுட்டோம்ணே" என்றால், ஹப் மூடியான டஸ்ட் கேப்பை உங்கள் கண் முன்னால் திரும்பக் கழற்றச் சொல்லுங்கள், பணம் அப்புறம்.