ஆலை எரிவாயுவா, சூரியப் பண்ணையா?

கோலாலம்பூரும் சுற்றுநகரங்களும் அடங்கிய கிள்ளான் பள்ளத்தாக்கின் மின்தேவைக்குப் பசுமை மின்சாரம் அனுப்ப எங்களைப் போன்ற தோட்டப்புற ஊர்களுக்குக் கைக்கெட்டிய வழிகள் இரண்டு: செம்பனை (எண்ணெய்ப்பனை) ஆலைக் கழிவுநீரின் எரிவாயு, அல்லது நிலத்தைச் சூரியப் பண்ணைக்குக் குத்தகைக்கு விடுவது. எங்கள் கூட்டுறவுக் கழகம் ஆலையின் எரிவாயு மின்நிலையத்தில் பங்கு எடுத்தது. அதற்குக் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன் என்பதால் நடுநிலையை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

அளவில் இரண்டுக்கும் போட்டியே இல்லை. கோல லங்காட்டில் 2018இல் இயங்கத் தொடங்கிய சூரியப் பண்ணை ஒன்றே 50 மெகாவாட். ஆலை நிலையங்களோ பெரும்பாலும் ஓரிரு மெகாவாட்டோடு நின்றுவிடுகின்றன. ஆனால் சூரியத்துக்கு மெகாவாட்டுக்கு ஏறத்தாழ 4 ஏக்கர் நிலம் வேண்டும். கோலாலம்பூர் விளக்கேற்றும் நேரத்தில் அது ஓய்ந்தும் விடும்.

எங்களைத் தீர்மானிக்க வைத்தது பராமரிப்பு. சூரியப் பண்ணைக்குக் கட்டுமானம் முடிந்தபின் லாலான் புல் வெட்டவும் தகடு கழுவவும் சிலர் போதும். எரிவாயு நிலையம் அப்படியன்று. கழிவுநீர் தேங்கும் மூடிய குளத்தில் ஊறும் வாயுவில் மீத்தேனோடு அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் கலந்திருக்கும். அதை வடிகட்டாமல் விட்டால் எஞ்சினை அரித்துவிடும். வடிகட்டும் கோபுரத்தினுள் மஞ்சள் கந்தகம் படிந்து அடைத்துக்கொள்ளும்போது உள்ளிருப்பதை வெளியே எடுத்துக் கழுவ வேண்டும். எஞ்சின் எண்ணெயை அடிக்கடி சோதிக்க வேண்டும். குளத்தின் சேற்றை அள்ள வேண்டும். முதலீட்டாளருக்கு இது தலைவலி. எங்களுக்கோ, தொழிற்பயிற்சி முடித்துவிட்டு ஷா ஆலாமுக்கு வேலை தேடிப் போகும் பிள்ளைகளுக்கு ஊரிலேயே கிடைக்கும் சம்பளம். நகரவாசிக்கு இரண்டும் ஒரே மின்சாரம்தான். பராமரிப்புச் செலவில் பெரும்பகுதி எந்த ஊரில் தங்குகிறது என்பதில்தான் வேறுபாடு. அதோடு, நிலையம் இல்லையென்றால் திறந்த குளத்திலிருந்து காற்றில் கலந்துவிடும் மீத்தேன், நூறாண்டுக் கணக்கில், அதே எடையுள்ள கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும்.

குறையும் உண்டு. ஆண்டின் தொடக்கத்தில் காய்ப்புக் குறைந்தால் கழிவுநீர் குறையும், வாயுவும் குறையும். எஞ்சினை முழுவதும் பிரித்துப் பூட்டும் பெரிய வேலை எங்களுக்கு இன்னும் வரவில்லை. வந்தால் இலாபக் கணக்கு எப்படி மாறும் என்று என்னால் உறுதி கூற இயலாது. 2011ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வந்த, மின்சாரத்தை நிர்ணயித்த விலைக்கு வாங்கிக்கொள்ளும் நிலையான விலைத் திட்டத்திலும் தொடக்கத்தில் எரிவாயுவுக்கு 16 ஆண்டுகள்தாம், சூரியத்துக்கு 21 என்றிருந்தது.

இன்னொன்று: எங்கள் ஆலை ஊரெல்லையில், 11 கிலோவோல்ட் மின்விநியோகக் கம்பிக்குப் பக்கத்தில் இருக்கிறது. தோட்டத்தின் உட்புறத்தில் கிடக்கும் ஆலையென்றால் கம்பி இழுக்கும் செலவே வருமானத்தை விழுங்கிவிடும். அத்தகைய ஊர்க்காரர்கள் துணைமின் நிலையத்தருகே நிலம் வைத்திருந்தால் சூரியத்துக்கே விடட்டும்.